காற்று பிரிந்ததா?

வயிற்றில் கத்தி பட்டவருக்கு இரண்டு கவலைகள். ஒன்று தையலைப் பற்றியது. அதை எல்லோரிடமும் சொல்லலாம். மற்றொன்று குடலைப் பற்றியது. அதை யாரிடமும் சொல்ல முடிவதில்லை. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன பேச்சு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் முடிவுவரை பொறுத்திருக்க வேண்டுகிறோம். இதுவும் ஒருவகையில் சொல்லைப் பற்றிய பேச்சுதான்.

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டுக்கு, பித்தப்பை அறுவை முடிந்திருந்த நண்பரைப் பார்க்கச் சென்றிருந்தோம். அடுத்த கட்டிலில் கர்ப்பப்பையை அகற்றி ஒரு நாள் ஆகியிருந்த மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். செவிலியர் வந்து, 'ஆச்சி, காத்து பிரிஞ்சுதா?' என்று உரக்கக் கேட்டார். கட்டிலின் கால்மாட்டில் மருமகன் நின்றிருந்தார். ஆச்சி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். அது ஆமென்றா, இல்லையென்றா என்பது நமக்கு விளங்கவில்லை. செவிலியர் ஆமென்று எடுத்துக்கொண்டு, தாளில் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாலையில் ஆச்சியின் வயிறு பானைபோல் உப்பியது. குடித்த கஞ்சி அத்தனையும் வெளியே வந்தது. மகள் காதோடு காதாகக் கேட்ட பிறகுதான், காலையிலிருந்தே வயிறு கல்லாகக் கிடந்ததும் குமட்டியதும் தெரியவந்தன. 'அவுக நிக்கும்போது அதை எப்படிச் சொல்லுவேன்?' என்றார் ஆச்சி. இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தத் தலையசைப்பு நம் மனத்தைவிட்டு அகலவில்லை.

*

முதலில், உள்ளே நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

வயிற்றைத் திறந்து உறுப்புகளைத் தொட்டு முடித்ததும் குடல் தன் அசைவை நிறுத்திக்கொள்கிறது. நரம்பின் வழிவரும் கட்டளை குடலசைவை அடக்கிவிடும் என்பதை பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கிலேய உடலியலாளர்கள் 1899இல் நாய்களிடம் செய்த ஆய்வில் காட்டினார்கள். அறுவையின்போது குடலைக் கையாள்வதே அதன் அசைவை நிறுத்தப் போதும் என்பதை 1906இல் அமெரிக்கரான கேனனும் மர்ஃபியும் விலங்குகளிடம் கண்டார்கள். கையாண்ட குடலின் சுவரில் உண்டாகும் அழற்சி இந்த நிறுத்தத்தை நீட்டிக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. வலியைத் தணிக்கக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகளும் குடலை மந்தப்படுத்துகின்றன. வலி குறைய வேண்டும், குடலும் அசைய வேண்டும். ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றுக்குத் தடையாகிறது.

நின்றுபோன குடல் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். பெருங்குடல் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அறுவையின் அளவைப் பொறுத்து இக்கணக்கு கூடும், குறையும். இந்த இடைவெளியில் தேங்கும் காற்றும் நீரும்தான் உப்புசம், பொருமல், ஏப்பம், குமட்டல், இடம் மாறி மாறிக் குத்தும் வலி என்று பல வேடங்களில் வருகின்றன. 'காற்று பிரிந்ததா' என்ற கேள்வியின் பொருள், கடைசியாக விழிக்கும் பெருங்குடலும் விழித்துக்கொண்டதா என்பதே.

நுண்துளை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. வயிற்றைத் துளைத்தார்கள், தோள்பட்டை வலிக்கிறது! வயிற்றை விரித்துப் பார்க்க உள்ளே செலுத்தும் கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் வேர்கொண்டிருப்பதால், மூளை அந்த வலியைத் தோளின் கணக்கில் எழுதிக்கொள்கிறது. சில நாளில் தானாகவே போய்விடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், மாரடைப்போ என்று குடும்பமே நடுங்கும். நம் நண்பர் அப்படித்தான் ஓரிரவு முழுவதும் விழித்திருந்தார்.

*

இனி வாதத்துக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வயிற்று அறுவைக்குப் பின் நடைமுறை எளிமையானதாக இருந்தது. காற்று பிரியும்வரை வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. கையில் டிரிப்ஸ், பல வேளைகளில் மூக்கில் குழாய், உதட்டில் நனைத்த பஞ்சு. இதற்குக் காரணம் இருந்தது. வாந்தி வந்து மூச்சுக்குழலில் ஏறிவிடுமோ, குடலில் போட்ட தையல் விட்டுப்போகுமோ என்ற அச்சம் அது. அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை.

1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் இந்த நடைமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்டார். மூக்குக் குழாய் எல்லோருக்கும் தேவையா? பட்டினி தேவையா? படுத்தே கிடக்க வேண்டுமா? அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் செய்த ஆய்வுகள் வேறு விடையைத் தந்தன. பெரும்பாலான நோயாளிகள் காற்று பிரியும் முன்பே சிறிது சிறிதாக அருந்தவும் உண்ணவும் தொடங்கலாம். தையல் அதனால் விட்டுப்போவதில்லை. சீக்கிரம் எழுந்து நடப்பவர் நலமாகத் தேறுகிறார். மெல்லும் கோந்தை மென்றால், உணவு வருகிறதென்று குடல் ஏமாந்து சிறிது முன்னதாக அசையக்கூடும் என்றுகூடப் பல சிறு ஆய்வுகள் கூறின. பயன் பெரிதில்லை, ஆனால் தீங்கும் குறைவு. சிசேரியன் முடிந்த பெண்ணுக்கு, சிக்கல் எதுவும் இல்லையென்றால், இரண்டு மணி நேரத்துக்குள் வழக்கமான உணவே கொடுக்கலாம் என்பது இம்முறையைப் பரிந்துரைக்கும் பன்னாட்டு மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்.

இம்மாற்றத்தை வரவேற்கிறோம். ஆயினும் இதில் மறைந்திருக்கும் ஒரு நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய முறையில் நோயாளி வாய் திறக்காவிட்டால் பட்டினி ஒரு நாள் நீளும், அவ்வளவே. புதிய முறையில் குடல் ஏற்கிறதா, மறுக்கிறதா என்பதை அறிய நோயாளியின் சொல்லே முதன்மையான கருவி. 'இரண்டு வாய் குடித்தேன், குமட்டுகிறது', 'மேல்வயிறு இறுகுகிறது', 'இன்னும் ஒன்றும் பிரியவில்லை' என்று அவர் சொன்னால்தான் அடுத்த கவளத்தை நிறுத்த முடியும். ஆச்சிக்குக் கஞ்சி கொடுத்தது பிழையன்று. அவர் வயிறு சொன்னதை அவர் வாய் சொல்ல முடியாமல் போனதே பிழை. சிகிச்சை முன்னேற முன்னேற நம் கூச்சத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

இது யாரோ சிலருடைய சிக்கலும் அன்று. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நிகழ்ந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்களில் ஏறத்தாழ இருவரில் ஒருவர் வயிற்று அறுவை முடிந்து படுத்திருந்தவர். குடலிறக்கம், குடல்வால், பித்தப்பை, கர்ப்பப்பை, குடும்பக் கட்டுப்பாடு என்று மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டால், இந்தக் காற்றுக்காகக் காத்திராத குடும்பம் ஏது?

*

வெட்கம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுப் பத்தியமும் சேர்ந்துகொள்கிறது.

சிசேரியன் முடிந்து வந்த பெண்ணுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகளை நாம் அறிவோம். நிறையக் குடித்தால் வயிறு பெருத்துவிடுமாம். பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்கும், பழம் கொடுத்தால் குளிர்ச்சி, காய் கொடுத்தால் வாயு. எஞ்சுவது பூண்டுக் குழம்பும் சோறும். தண்ணீரும் இல்லாமல், காயும் கனியும் இல்லாமல், வலி மாத்திரையும் விழுங்கி, படுத்தே கிடந்தால் குடல் என்ன செய்யும்? நான்காம் நாள் மலச்சிக்கல். முக்கினால் தையல் பிரிந்துவிடும் என்ற அச்சத்தில் அவள் அடக்கிக்கொள்வாள். அடக்க அடக்க அது இறுகும்.

முத்துக் கரையில் இதில் ஒரு முரண் உண்டு. மீனையே உண்டு வளர்ந்த குடும்பங்கள் சிலவற்றில்கூட, தையல் பிரிக்கும்வரை 'கவிச்சி ஆகாது' என்று மீனை விலக்கிவிடுகிறார்கள். காரமில்லாமல் வேகவைத்த மீனைவிட மென்மையாகச் செரித்து, காயம் ஆறத் தேவையான புரதத்தையும் தரும் உணவு இக்கரையில் வேறென்ன இருக்கிறது? அதே வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு கொடுக்கும் அறிவு வழிவழியாக இருந்துவருகிறது. அறுவை என்ற புதிய நிகழ்ச்சிதான் அந்த அறிவைக் குழப்பிவிட்டது.

மறுபுறம் பார்க்க வருபவர்கள். வயிறு உப்புசம் என்றதும் ஒருவர் கோலி சோடா உடைத்துக் கொடுப்பார். ஏப்பம் வரும், நிம்மதி போலத் தோன்றும், உள்ளே போன காற்று வெளியேறியதைவிட அதிகமாக இருக்கும். இன்னொருவர் அன்போடு மக்ரூன் பொட்டலத்தைப் பிரிப்பார். ஊர்ப்பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அரைத் தூக்கத்தில் இருக்கும் குடலுக்கு அந்தச் சர்க்கரையை எதற்குக் கொடுக்க வேண்டும்?

மருத்துவமனை கொடுத்தனுப்பும் தாள் உதவுமா என்றால், அது ஆங்கிலத்தில் இருக்கிறது. உணவு பற்றி அதில் 'சாஃப்ட் டயட்' என்று இரண்டே சொற்கள். தெரிந்த ஒருவர் படித்துப் பொருள் சொல்ல, குடும்பம் மூன்று வாரம் ரொட்டியும் பாலுமாகக் கொடுத்துத் தள்ளுகிறது. பால் சிலருக்குக் காற்றை இன்னும் கூட்டும். இட்லி, இடியாப்பம், குழைய வேகவைத்த சோற்றோடு ரசம், மசித்த காய், முட்டை, மீன், சிறுகச் சிறுகப் பலமுறை என்று எழுத நான்கு வரி போதுமே! பித்தப்பை இல்லாதவருக்கு எண்ணெய்ப் பண்டம் தொடக்கத்தில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், சிலருக்கு வயிறு இளகிப் போகலாம் என்று ஐந்தாவது வரி.

*

தமிழுக்கு இதைச் சொல்லச் சொல் இல்லையா? அப்படிச் சொன்னால் தமிழ் சிரிக்கும்.

சித்த மருத்துவம் உடலுக்குள் இயங்கும் வாயுக்களைப் பத்தாக எண்ணிப் பெயரிட்டது. கீழ்நோக்கிச் செல்வது அபானன், உணவின் சாரத்தைப் பகிர்ந்தளிப்பது சமானன். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அதில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. முன்னர் உண்டது செரித்ததா என்று அறிந்து அளவோடு உண் என்பதையே வள்ளுவர் திரும்பத் திரும்பக் கூறுகிறார். செரிமானத்துக்கு ஓர் அதிகாரத்தின் பெரும்பகுதியையே ஒதுக்கியவருக்கு இல்லாத கூச்சம் அவருடைய வாசகர்களான நமக்கு எங்கிருந்து வந்தது?

வெளியே வீசும் காற்றுக்கு இக்கரையில் திசைக்கொரு பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) ஆகிய நாவல்களின் வழியே இக்கரையின் கடலும் காற்றும் மனிதரும் தமிழ் வாசகனின் மனத்துக்குள் வந்து தங்கிவிட்டனர். பசியும் நம் இலக்கியத்தில் பெரும்பொருள். புறநானூற்றுப் புலவர் முதல் நேற்றைய சிறுகதையாசிரியர் வரை அதை எழுதினார்கள். விழுங்கிய பிறகு நடப்பதைத்தான் நாம் நகைச்சுவைத் துணுக்குகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். சிரிப்புக்கு மட்டுமே பழகிய சொல், நோயாளியின் வாயில் துன்பத்தைச் சொல்ல எழுவதில்லை. ஆச்சியின் தலையசைப்பில் நம்மைப் போன்றவர்களின் பங்கும் இருக்கிறது என்பதே நம் கருத்து.

காந்தியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எரவாடாச் சிறையில் இருந்த அவருக்கு 1924 ஜனவரி 12 அன்று இரவு, பூனாவின் சாசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவை நடந்தது. கர்னல் மாடக் என்ற ஆங்கிலேயர் அறுவை செய்தார். நடுவில் மின்விளக்கு அணைந்துபோய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். மருத்துவமனைகளை 'இந்திய சுயராஜ்ய'த்தில் கடுமையாகச் சாடியவர் கத்திக்கு உடன்பட்டது ஏன் என்று அன்று பலர் வாதிட்டார்கள். நாம் சொல்ல வருவது வேறு. தம் வயிற்றைப் பற்றியும் பிறர் வயிற்றைப் பற்றியும் அவரளவுக்கு வெளிப்படையாக எழுதிய தலைவர் வேறொருவர் இல்லை. ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில் சத்தியத்துக்குப் பக்கத்திலேயே மலச்சிக்கலும் வரும். அவருக்கு இரண்டும் ஒரே வாழ்க்கையின் செய்திகள்.

*

இக்கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அந்தத் தொழிலின் ஒரு வழக்கத்தை இன்றும் சொல்வார்கள். குளிப்பவன் இடுப்புக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பானாம். உடன்பிறந்தவளின் தாலிமேல் அக்கறை உள்ளவன், கயிறு அசைந்தால் கணமும் தாமதிக்கமாட்டான் என்பது கணக்கு. கீழே இருப்பவன் பேச முடியாது; கயிற்றை அசைக்க மட்டுமே முடியும். மேலே இருப்பவனுக்கு அந்த அசைவின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

அறுவை முடிந்த வயிறும் அப்படித்தான். காற்று பிரிவதும் பிரியாததும் கயிற்றின் அசைவுகள். கயிறு பிடிப்பவர் யார்? வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்த்தார். நம் வார்டுகளில் அந்த நான்காமவர் பாயை விரித்துக் கட்டிலுக்கடியில் படுத்திருக்கும் மகளோ, தங்கையோ, மனைவியோதான். அவரிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை. மாத்திரை வாங்கிவர மட்டும் ஆள் வேண்டியிருக்கிறது.

எனவே நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. அறுவைக்கு முந்தைய நாள், நோயாளியையும் உடனிருப்பவரையும் சேர்த்து உட்காரவைத்து, இரண்டு மூன்று நாள் குடல் உறங்கும், வயிறு உப்பும், தோள் வலிக்கலாம், அது பழுதன்று என்று தமிழில் சொல்லட்டும். எழுந்து நடப்பதே நல்ல மருந்து என்றும், இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லட்டும். காற்றைப் பற்றிய கேள்வியைத் திரையை இழுத்துவிட்டு, ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்கட்டும். அதற்கு அரை நிமிடம் கூடுதலாகும். பழுதின் அடையாளங்களைத் தனியே எழுதிக் கொடுக்கட்டும்: நாளுக்கு நாள் குறையாமல் கூடிக்கொண்டே போகும் உப்புசம், பச்சையாக வரும் வாந்தி, காற்றும் மலமும் இரண்டுமே நின்றுபோதல், காய்ச்சல், தாங்க முடியாத வலி, படபடக்கும் நாடி. இவற்றில் ஒன்று வந்தாலும் ஓமத் தண்ணீரும் சுக்குக் காப்பியும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். குடலையே வெட்டி இணைத்தவருக்கு உணவு விதிகள் வேறு. அவருக்கு அவருடைய மருத்துவர் சொல்வதே இறுதிச் சொல்.

உப்பளத்தில் தலைச்சுமை தூக்கும் பெண்ணும், துறைமுகத்தில் மூட்டை இறக்குபவரும் கூலி போகிறதே என்று சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வயிற்றுச் சுவர் உறுதிப்பட ஏறத்தாழ ஆறு வாரம் பாரம் தூக்காதிருக்கச் சொல்வது மருத்துவ வழக்கம். மலச்சிக்கலோடு முக்குவதும் அந்தச் சுவருக்குப் பாரமே. 'வெளிக்குச் சரியாகப் போகிறதா?' என்று கேட்பது அநாகரிகம் என்று நினைப்பவர்கள், அதைக் கேட்காமல் விட்டதால் மறுபடி குடலிறக்கத்தோடு வந்து நிற்பவரைப் பார்த்தாவது மனம் மாற வேண்டும்.

அன்று வார்டைவிட்டு வெளியே வந்தபோது கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. நான்கு நாள் கழித்து நண்பரிடம் ஆச்சியைப் பற்றி விசாரித்தோம். அன்று காலை செவிலியர் கேட்குமுன்பே, மகளைக் கூப்பிட்டு, 'போயிட்டுதுன்னு சிஸ்டர்கிட்ட சொல்லு' என்றாராம் ஆச்சி. வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லையாம்.